உப்பேறிய அரச வயல்: ஹெந்தளை முதல் நீர்கொழும்பு வரை முத்துராஜவெலவின் கதை

களனி கங்கை கடலில் கலக்கும் இடத்தில் தென்கரையில் முகத்துவாரமும் மட்டக்குளியும் இருக்கின்றன, வடகரையில் ஹெந்தளை. கொழும்பு மாநகரம் ஆற்றோடு முடிந்துவிட, ஹெந்தளையிலிருந்து வேறொரு நிலம் தொடங்குகிறது. மேற்கே கடல். கடலை ஒட்டித் தென்னைகள் நிற்கும் ஒடுங்கிய மணல்திட்டு. அதன் முதுகுப்புறத்தில் நாணலும் கோரையும் மண்டிய தாழ்நிலம். அதற்கும் கிழக்கே வத்தளை, கந்தானை, ஜா-எல ஆகிய ஊர்கள் அமைந்த மேட்டுநிலம். நடுவில் கிடக்கும் தாழ்நிலமே முத்துராஜவெல. வடக்கே அது நீர்கொழும்புக் களப்போடு இணைகிறது. சதுப்பு ஏறத்தாழ 3,068 ஹெக்டேர்; களப்பு 3,164 ஹெக்டேர். இரண்டும் ஒரே நீர்த்தொகுதி; ஒன்றில் நேர்வது மற்றதில் தெரியும்.

இலங்கையின் கரையோரக் காடுகள் சிலவற்றில் பழைய நாகரிகங்களின் எச்சங்கள் கிடக்கின்றன. வில்பத்து தேசியப் பூங்காவில் பொம்பரிப்பின் ஈமத்தாழிகள் இருக்கின்றன. யால காட்டுக்கு நடுவே சித்துல்பவ்வ விகாரை இருக்கிறது. முத்துராஜவெலவில் அப்படிக் கல்தூணோ தாழியோ கண்ணில் படுவதில்லை. இங்கே எஞ்சியிருப்பவை நேர்கோடாக ஓடும் வாய்க்கால்களும் ஒரு பழைய மருத்துவமனையும்தான். இவற்றை எல்லாம்விடப் பெரிய எச்சம் ஒன்று உண்டு. அது இந்தச் சதுப்பே. இன்று காட்டுயிர்களுக்கென ஒதுக்கப்பட்ட இந்த நிலம் ஒரு காலத்தில் அரசனின் நெல்வயலாக இருந்தது என்பது இதன் பெயருக்குள்ளேயே பதிந்திருக்கிறது; பின்னர் அது உப்பேறிக் கைவிடப்பட்டது.

சதுப்பு உருவான விதம்

முத்துராஜவெல ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்னர் உருவானதாகப் புவியியலாளர் கணிக்கின்றனர். பனியுகம் முடிந்து உலகெங்கும் கடல்மட்டம் உயர்ந்தபோது, இந்தப் பள்ளத்துக்குள் கடல்நீர் புகுந்தது. அலைகள் கரையோரம் மணலைக் குவித்து ஒரு திட்டை எழுப்பின. திட்டுக்குப் பின்னால் சிக்கிய நீர் களப்பாயிற்று. தெற்கிலிருந்து களனி கங்கையும், கிழக்கிலிருந்து தண்டுகம் ஓயா என்ற பெயரில் வந்து சேரும் அத்தனகலு ஓயாவும் மழைக்கு மழை வண்டலைக் கொண்டுவந்து கொட்டின. களப்பின் தென்பகுதி மெல்ல மெல்லத் தூர்ந்தது. தூர்ந்த இடத்தில் புல்லும் கோரையும் கண்டலும் முளைத்தன.

நீர் தேங்கிய நிலத்தில் காற்றுப் புகாது. காற்றில்லாத இடத்தில் பட்டுப்போன செடிகள் முழுதாக மக்குவதும் இல்லை. ஆண்டுதோறும் விழுந்த தண்டும் வேரும் ஒன்றன்மேல் ஒன்றாக அழுந்திக் கரிய முற்றா நிலக்கரி மண்ணாயின. இந்த மண் கடற்பஞ்சைப் போன்றது. ஈரமாக இருக்கும்வரை பருத்து நிற்கும். வடித்துவிட்டால் சுருங்கி அமிழும். முத்துராஜவெலவில் பிற்காலத்தில் மனிதர் செய்த முயற்சிகள் பலவற்றின் முடிவு இந்தக் குணத்தில் ஏற்கெனவே அடங்கியிருந்தது.

அரசனின் வயல்

சிங்களத்தில் ‘வெல’ என்றால் வயல். ‘முத்து’, ‘ராஜ’ என்ற சொற்கள் தமிழ் வாசகருக்கு விளக்கம் வேண்டாதவை. அரசனுக்கு முத்துப்போல் மதிப்புடைய வயல் என்ற பொருள் பெயரிலேயே தொனிக்கிறது. கோட்டை அரசர் காலத்தில் இங்கே செழிப்பான நெல் விளைந்தது என்பது இப்பகுதியில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கோட்டை இராச்சியத்தின் தலைநகரம் களனி கங்கைக்குத் தெற்கே, இன்றைய ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையில் இருந்தது. நீர்கொழும்பு அதன் துறைமுகங்களில் ஒன்று. பாக்கு, கறுவா, மிளகு, ஏலம் முதலியவை உள்நாட்டிலிருந்து அத்துறைக்குப் போக வேண்டியிருந்தது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட வீர பராக்கிரமபாகு மன்னனே ஊர்களையும் நீர்கொழும்புக் களப்பையும் வாய்க்கால்களால் இணைத்தான் என்று மரபு கூறுகிறது.

இப்படி வயலும் நீர்வழியும் ஒரே நிலத்தில் அமைந்தன. இரண்டின் தேவையும் வேறு. நெல்லுக்கு நன்னீர் வேண்டும், உப்பு உள்ளே வரக்கூடாது. படகுக்கு ஆழமும் தடையில்லாத வழியும் வேண்டும். கடல்வாய் திறந்திருப்பது அதற்கு வசதி. படகுக்காக வாய்க்காலை அகலமாகவும் ஆழமாகவும் வெட்ட வெட்ட, வயலுக்குள் உப்பு ஏறும் வழியும் அகலமாயிற்று.

ஒல்லாந்தர் காலம்

போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்புக்கு வந்தனர். 1597இல் கோட்டை அரசன் தர்மபாலன் இறந்ததும் இராச்சியம் அவர்கள் கைக்குப் போயிற்று. ஒல்லாந்தர் 1640இல் நீர்கொழும்பைப் பிடித்து, அதே ஆண்டில் இழந்து, 1644இல் மீண்டும் கைப்பற்றினர். 1656இல் கொழும்பு அவர்கள் வசமானது. நீர்கொழும்புக் கோட்டையின் வாயில் வளைவில் 1678 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கோட்டையின் பெரும்பகுதி பின்னாளில் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் சிறைச்சாலை எழுந்தது.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இலங்கையில் முதற்பொருள் கறுவா. கறுவா விளைந்த மேற்குக் கரையில் நல்ல தெருக்கள் இல்லை. சொந்த நாட்டில் கால்வாய்களிலேயே வாழ்ந்து பழகிய அவர்கள் இங்கும் அவற்றையே நம்பினர். பழைய வாய்க்கால்களைத் திருத்தினர், புதியவற்றை வெட்டினர், இயற்கையான களப்புகளையும் ஆறுகளையும் அவற்றோடு கோத்தனர். களனி கங்கையிலிருந்து நீர்கொழும்பு வழியாகப் புத்தளம் வரை படகிலேயே செல்லக்கூடிய வழி உருவாயிற்று. ஜா-எல என்ற ஊர்ப்பெயர் அக்கால வேலையின் நினைவு. சிங்களத்தில் ‘எல’ என்பது வாய்க்கால். ‘ஜா’ என்பது ஜாவாவிலிருந்தும் அண்டைத் தீவுகளிலிருந்தும் வந்த மலாய் மக்களைக் குறிக்கும் சொல். ஒல்லாந்தர் கொண்டுவந்த மலாயர் வெட்டிய வாய்க்கால் என்பதாலேயே அப்பெயர் என்று விளக்கப்படுகிறது.

சரக்கு ஏற்றியவை அடிப்பக்கம் தட்டையான பாரப் படகுகள். நடுவில் வளைத்துக் கட்டிய தென்னோலைக் கூரை. வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் சரக்கைக் காத்ததும், படகோட்டிகள் சமைத்து உறங்கியதும் அதன் கீழ்தான். பாக்கு, கொப்பரை, கருவாடு, புத்தளத்து உப்பு ஆகியவை தெற்கே வந்தன. அரிசியும் துணியும் வடக்கே போயின. ஆழமில்லாத இடங்களில் படகோட்டி நீண்ட கழியைச் சேற்றில் ஊன்றித் தள்ளிக்கொண்டே படகின் விளிம்பில் முன்னிருந்து பின்னாக நடப்பார். கழி முடிந்ததும் பிடுங்கிக்கொண்டு முன்னே வந்து மீண்டும் ஊன்றுவார்.

வயலை மீட்கவும் ஒல்லாந்தர் முயன்றனர். கடலுக்குக் கீழே கிடந்த நிலத்தை அணையிட்டு, நீரை இறைத்து விளைநிலமாக்கிய அனுபவம் அவர்களுக்கு ஐரோப்பாவில் இருந்தது. முத்துராஜவெலவில் அது கைகொடுக்கவில்லை. இப்பகுதியில் கடல் ஏறி இறங்கும் அளவு மிகச் சிறியது. அமாவாசை, பௌர்ணமி நாட்களிலும் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர்தான். ஆனால் நிலமும் கடல்மட்டத்தோடு ஒட்டிக் கிடப்பதால் அந்தச் சிறிய பெருக்கே வாய்க்கால் வழியாக வெகுதூரம் உள்ளே வந்துவிடும். இன்னொரு பக்கம், ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை இரண்டு பருவக்காற்றுகளோடு கொட்டும். உப்பைத் தடுக்க வாயை அடைத்தால் வெள்ளம் வயலில் தேங்கியது. வெள்ளத்தை விட வாயைத் திறந்தால் உப்பு ஏறியது.

1708: ஹெந்தளையின் மருத்துவமனை

சதுப்பின் தென்முனையில், களனி கங்கைக்கு வடக்கே, ஒல்லாந்தர் தொழுநோயாளருக்கான மருத்துவமனை ஒன்றை எழுப்பினர். 1708இல் நிறுவப்பட்ட இந்த ஹெந்தளைத் தொழுநோய் மருத்துவமனை ஆசியாவிலேயே மிகப் பழைமையான இத்தகைய நிலையங்களில் ஒன்று. இடத்தேர்வில் காரணம் இருந்தது. தெற்கே ஆறு, மேற்கே கடல், வடக்கே சதுப்பு: மூன்று பக்கமும் நீர் காவலாக நின்றது. கொழும்புக்கு அருகில்தான், ஆனால் ஆற்றைக் கடக்காமல் யாரும் நகருக்குள் வர முடியாது.

அக்காலத்தில் நோய்க்கு மருந்து இல்லை, காரணமும் தெரியாது. தொழுநோய்க்குரிய நுண்ணுயிரை நோர்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இல்தான் கண்டறிந்தார். ஆகவே ‘மருத்துவமனை’ என்ற பெயருக்குள் நடந்தது பெரும்பாலும் ஒதுக்கிவைத்தல்தான். ஆங்கிலேயர் காலத்திலும் அதுவே தொடர்ந்தது. 1901ஆம் ஆண்டின் சட்டம் நோயாளரைப் பிரித்து வைப்பதைக் கட்டாயமாக்கியது. ஹெந்தளையிலும், பின்னர் மட்டக்களப்புக் களப்பின் மாந்தீவிலும் அடைக்கப்பட்டவர்களுக்கு வீடு திரும்பும் வழி அரிதாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பலன்தரும் மருந்து வந்தது. 1980களில் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சைமுறை பரவியதோடு நோயாளர் வீட்டிலிருந்தபடியே குணமடையத் தொடங்கினர். அதன்பின் ஹெந்தளையில் எஞ்சியவர்களிற் பலர், நோய் தீர்ந்தும் போக இடமில்லாத முதியோர். ஒரு நாட்டின் மருத்துவ வரலாற்றில் மூன்று நூற்றாண்டுகள் இந்த ஒரே வளவுக்குள் இருக்கின்றன.

ஹமில்டன் கால்வாய்

1796இல் ஆங்கிலேயர் கொழும்பைக் கைப்பற்றினர். ஆளுநர் பிரெடெரிக் நோர்த் காலத்தில், 1802இல் தொடங்கி 1804இல் முடிந்த வேலை ஹமில்டன் கால்வாய். வருவாய்க்கும் வணிகத்துக்கும் பொறுப்பாக இருந்த அரச முகவர் கவின் ஹமில்டனின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. ஏறத்தாழ 14.5 கிலோமீற்றர் நீளமுள்ள அது களனி கங்கையிலிருந்து ஹெந்தளை, உஸ்வெட்டகெய்யாவ, பமுனுகம வழியாகக் களப்பின் தென்முனை வரை, கடற்கரைக்கு இணையாக, அம்பு எய்தாற்போல ஓடுகிறது. ஒல்லாந்தரின் பழைய கால்வாய் அதற்குக் கிழக்கே, சதுப்பின் உட்புறமாகச் செல்கிறது. வரைபடத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே சிக்கலுக்கு இரண்டு அரசுகள் அடுத்தடுத்து எழுதிய விடைகளாகத் தெரியும்.

ஹமில்டன் கால்வாயின் முதல் நோக்கம் சதுப்பிலிருந்து உப்புநீரை வடித்து வயலை மீட்பது, போக்குவரத்து இரண்டாவது. நடந்தது மறுதலை. கால்வாயின் இரு முனைகளும் உப்பு ஏறக்கூடிய நீரில் திறந்திருந்தன. வடிக்க வெட்டிய வழியே பெருக்கின்போது உப்பு உள்ளே வர இன்னொரு கதவாயிற்று. வயல் மீளவில்லை, படகுகள் மட்டும் ஓடின.

இதே ஆண்டுகளில் பாக்கு நீரிணைக்கு அப்பால் சென்னையிலும் இப்படி ஒரு வேலை நடந்தது. பேசில் காக்ரேன் என்ற வணிகர் 19ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் சென்னையிலிருந்து எண்ணூருக்கு உவர்நீர்க் கால்வாய் வெட்டினார். அதுவே பின்னர் நீண்டு பக்கிங்ஹாம் கால்வாய் ஆனது. கடலுக்கு இணையாக மணல்திட்டின் பின்னால் நேராக ஓடுவது, உப்பும் விறகும் சுமந்த படகுகளுக்கு நூறாண்டு வழிவிட்டது, ரயில் வந்ததும் மதிப்பிழந்தது, நகரம் பெருத்ததும் கழிவு சுமந்தது என்று இரண்டின் வரலாறும் ஒன்றையொன்று ஒத்துப்போகிறது. இலங்கையில் ரயில்பாதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீர்கொழும்பு வழியாக வடக்கே நீண்டது. தெருக்களும் லொறிகளும் பின்தொடர்ந்தன. ஓலைக்கூரைப் படகுகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

மண் ஒத்துழைக்காத காரணம்

வயலை மீட்கும் பேச்சு படகுகளோடு ஓயவில்லை. ஆங்கிலேயர் காலத்திலும் சுதந்திரத்துக்குப் பின்னும் அது திரும்பத் திரும்ப எழுந்தது. தடையாக நின்றது உப்பு மட்டுமன்று. கடல்நீரும் மக்காத செடியும் சேர்ந்து கிடக்கும் சேற்றில் கந்தகமும் இரும்பும் கூடிய கனிமம் தங்கிவிடுகிறது. நீருக்கடியில் இருக்கும்வரை அதனால் தீங்கில்லை. வடித்து உலர்த்தியதும் காற்றுப் பட்டு அது கந்தக அமிலமாக மாறும். மண் புளித்து நெல்லின் வேரைச் சுடும். உலர்ந்த முற்றா நிலக்கரி மண்ணும் சுருங்கி அமிழ்ந்து, கடலைவிடத் தாழ்ந்துபோகும். வடித்தால் மண் புளிக்கும், வடிக்காவிட்டால் உப்பு நிற்கும். கைவிடப்பட்ட வயலில் நாணலும் கண்டலும் திரும்பவும் குடியேறியதற்குக் காரணம் இதுவே.

களப்பின் மக்கள்

நெல் தோற்ற இடத்தில் மீன் தோற்கவில்லை. நீர்கொழும்புக் களப்பு ஆழம் குறைந்தது. பெரும்பாலான இடங்களில் ஓர் ஆள் இறங்கி நடக்கலாம். கண்டல் வேர்களும் கடற்புல்லும் இறால் குஞ்சுக்கும் மீன் குஞ்சுக்கும் தொட்டில். கரையோரக் கத்தோலிக்க மீனவர் சிங்களமும் தமிழும் கலந்து புழங்கியவர்கள். நீர்கொழும்பு மீனவர் பேசும் தமிழ் மொழியியலாளரின் ஆய்வுக்கும் உரியதாயிற்று.

களப்பு வாயில் நடக்கும் ‘கட்டுதெல்’ மீன்பிடி நூற்றாண்டுகள் பழைமையானது. களப்பில் வளர்ந்த இறால் முட்டையிடக் கடலுக்குத் திரும்பும் இரவுகளில், வற்று நீர் வெளியே ஓடும் வேளை பார்த்து, ஓடையில் கம்புகளை ஊன்றிப் பை போன்ற வலையைக் கட்டுவார்கள். நீரோட்டமே இறாலை வலைக்குள் கொண்டுவரும். நல்ல இடங்கள் குறைவு என்பதால் யார் எந்த இரவில் எங்கே கட்டுவது என்பது குலுக்கலில் முடிவாகும். இந்த உரிமை நான்கு மீனவர் சங்கங்களின் வழிவந்த குடும்பங்களுக்கே உரியது; அரசும் அதைச் சட்டவிதியாக ஏற்றிருக்கிறது. இன்னொரு முறை ‘மஸ் அத்து’, அதாவது மீன் கிளை. கண்டல் கிளைகளை வெட்டி, ஆழமில்லாத நீரில் வட்டமாகக் குத்தி, சில வாரம் விட்டுவைப்பார்கள். நிழலும் இரையும் தேடி மீன் கூடும். பிறகு சுற்றிவர வலை வளைத்து, கிளைகளைப் பிடுங்கி, மீனை அள்ளுவார்கள். கிளை வேண்டும் என்பதற்காகவே இம்மக்கள் தங்கள் காணி ஓரங்களில் கண்டல் நட்டு வளர்த்தனர். பாதுகாப்புச் சட்டங்கள் வருவதற்கு முன்பே இங்கே கண்டலைக் காத்தது இந்தத் தேவை.

சரணாலயம்

சுதந்திர வணிக வலயமும் விமான நிலையமும் கட்டுநாயக்காவில் வளர்ந்த பின், கொழும்புக்கும் அதற்கும் இடையில் கிடந்த சதுப்பு வெற்றுநிலமாகத் தோன்றத் தொடங்கியது. 1980களின் முடிவில் முழுவதற்குமாக ஒரு பெருந்திட்டம் வகுக்கப்பட்டது. தெற்குப் பகுதி வளர்ச்சிக்கும், வடபகுதி பாதுகாப்புக்கும், இடைப்பகுதி இரண்டுக்கும் நடுவிலுமாகப் பிரிக்கப்பட்டன. அதன் பயனாக 1996இல் வடபகுதியில் 1,777 ஹெக்டேர் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

தேசியப் பூங்கா என்று அறிவிக்கப்படாததற்கு அடிப்படை உண்டு. தேசியப் பூங்கா முழுவதும் அரச நிலமாக இருக்க வேண்டும். அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைய முடியாது. சரணாலயத்துக்குள் தனியார் காணியும் குடியிருப்பும் இருக்கலாம். பழைய தொழில்களும் தொடரலாம். வாய்க்கால் கரைகளில் தலைமுறைகளாக வாழும் மக்கள் உள்ள முத்துராஜவெலவுக்கு இதுவே பொருந்தியது. அதே நெகிழ்ச்சி வேலியில்லாத பயிராகவும் அதை விட்டது. குப்பை கொட்டுதலும் மண் நிரப்புதலும் எல்லைக்குள் அடிக்கடி நுழைந்தன.

போபிட்டியவிலிருந்து படகில் செல்வோர் இன்று காண்பது பழைய கால்வாயும் அதன் புதிய குடிகளும். செந்நாரையும் நீர்க்காகமும் மீன்கொத்தியும் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட பறவையினங்கள் இங்கே பதிவாகியுள்ளன. உவர்நீர் முதலை, நீர்நாய், மீன்பிடிப் பூனை, தேவாங்கு ஆகியவை வாழ்கின்றன. பெருநகரத்தின் விளிம்பில், விமானங்கள் தாழப் பறக்கும் வானத்தின் கீழே இவை இருக்கின்றன.

நகரம் ஆற்றைக் கடந்தபோது

ஹெந்தளையை அடுத்த கெரவலப்பிட்டியவில் சதுப்பு கடல்மணலால் நிரப்பப்பட்டது. அங்கே 300 மெகாவாற் அனல்மின் நிலையம் 2010இல் முழுமை பெற்றது. 2021இல் கொழும்பின் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையமும் வந்தது. கொழும்பையும் கட்டுநாயக்காவையும் இணைக்கும் 25.8 கிலோமீற்றர் அதிவேக நெடுஞ்சாலை சதுப்பை ஊடறுத்து 2013 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ கப்பல் தீப்பிடித்தபோது, பருப்பு அளவான வெண்ணிறப் பிளாஸ்திக் மணிகள் பமுனுகம, சரக்குவ கடற்கரைகளில் கணுக்கால் புதையுமளவு ஒதுங்கின. மீனவர் வாரக்கணக்கில் கடலுக்குப் போக முடியவில்லை.

சதுப்பு சும்மா கிடக்கிறது என்ற எண்ணத்தை வெள்ளக் கணக்கு மறுக்கிறது. களனியும் தண்டுகம் ஓயாவும் பெருகும்போது முத்துராஜவெல ஏறத்தாழ 1.1 கோடி கன மீற்றர் நீரை உறிஞ்சி வைத்து, பத்து நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டு மெதுவாகக் கடலுக்கு விடுகிறது. 2003இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு இச்சதுப்பின் பயனை ஆண்டுக்கு 72 கோடி ரூபாய்க்கு மேல் என மதிப்பிட்டது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெள்ளத்தைத் தாங்குவதற்கே உரியது. நிரப்பிய ஒவ்வொரு காணிக்கும் உரிய நீர் வேறெங்கோ போயாக வேண்டும். வத்தளை, ஹெந்தளைப் பகுதிகளின் தாழ்ந்த தெருக்கள் ஒவ்வொரு பெருமழைக்கும் அதை வாங்கிக்கொள்கின்றன.

அரச வயல் கொடுத்த நெல்லுக்குக் கணக்கில்லை. அது அழிந்த பின் வந்த சதுப்பு காக்கும் வீடுகளுக்குக் கணக்கு இருக்கிறது. வயலாக்க வெட்டிய ஹமில்டன் கால்வாயில் இன்றும் நாள்தோறும் பெருக்கு உள்ளே ஏறி, வற்றில் வெளியே இறங்குகிறது. கரை இடிந்த இடங்களில் மண்ணைப் பிடித்து நிற்பவை கண்டல் வேர்கள்.